மனுஷங்க ரூம்

திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றபோது மதியின் கை என் கைக்குள் ஈரமாக இருந்தது. அவள் வியர்வையா என்னுடையதா தெரியவில்லை. இன்னொரு பக்கம் இடுப்பில் கபிலன், முழங்காலால் என் வயிற்றை இடித்தபடி. "இது எப்படிச் செத்துச்சு சித்தி?" என்று மதி கேட்டாள். கரை ஒதுங்கியிருக்கும் என்றேன். ஏன் ஒதுங்கிச்சு என்றாள். வழி தெரியாமல் வந்திருக்கும். "அதோட அம்மா கூட இல்லையா?" நான் வாலைப் பாரு எவ்வளவு நீளம் என்றேன். ஆறு வயதுப் பிள்ளைக்குப் பேச்சு மாறியது தெரியாதா என்ன, தெரியும், வாலைப் பார்த்தாள், எனக்காகப் பார்த்தாள். கபிலன் கையை நீட்டி, "சித்தி, மீனு" என்றான். இவன் ஒருத்தன், மதி கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு என்னைச் சித்தி என்றே கூப்பிடுகிறான், பசித்தால் மட்டும் அம்மா. பக்கத்தில் நின்றிருந்த பச்சைப் புடவைக்காரப் பெண் சிரித்தாள். "ரெண்டும் உங்க அக்கா பிள்ளைங்களா?" என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம், இல்லை ரெண்டும் என் பிள்ளைகள்தான் என்று சொல்லியிருக்கலாம், இரண்டுமே ஒரு விதத்தில் பொய் இல்லை. என் வாய் சொன்னது வேறு. "சின்னவன் என்னுது." சொல்லிவிட்டுக் கீழே பார்த்தேன். மதி இன்னும் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை என் கைக்குள் அப்படியே இருந்தது, இறுகவும் இல்லை, இழுத்துக்கொள்ளவும் இல்லை. இழுத்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது. என்னுது. கடையில் கவுண்டர் மேல் வைத்த பையைச் சொல்வதுபோல.

என் வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்திருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது. உள்ளே நுழைந்ததும் கம்பெனியிலிருந்து போன் வந்து, இங்கே சத்தமாக இருக்கிறது, நீங்க பார்த்துட்டு இருங்க என்று வெளியே மரத்தடிக்குப் போய்விட்டார். காலையில் குரோம்பேட்டையில் ரயில் ஏறியதிலிருந்து அவர்தான் உற்சாகமாக இருந்தார். மதியை ஜன்னல் பக்கம் உட்காரவைத்துக்கொண்டு, "நாங்க சின்னப் பிள்ளைங்களா இருக்கும்போது இதுக்கு மியூசியம்னு பேரே கிடையாது, செத்த காலேஜ்னுதான் சொல்லுவோம்" என்றார். "செத்துப்போனதெல்லாம் கொண்டாந்து இங்கதான் வச்சிருப்பாங்க. சிங்கம் புலி எல்லாம் அப்படியே நிக்கும், உயிர் மட்டும் இருக்காது." மதி, "எல்லாமா?" என்றாள். "எல்லாம்" என்றார். நான் கபிலனின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுகிறேன். அக்காவைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாமா, என்னைக் கட்டிக்கொண்ட பிறகும் மாமா. வார்த்தையை மாற்ற வேண்டிய அவசியமே வரவில்லை, அவ்வளவு வசதியாக எல்லாம் நடந்தது. அக்கா காய்ச்சலில் படுத்தாள், ரத்தத்தில் என்னவோ குறைந்துகொண்டே போகிறது என்றார்கள், ஒரு வாரத்துக்குள் திலகா என்கிற ஆள் இல்லை. மதிக்கு அப்போது இரண்டு வயது. அடுத்த வருஷம் எல்லாரும் கூடிப் பேசினார்கள். பிள்ளைக்கு வெளியிலிருந்து ஒருத்தி வந்தால் எப்படி இருப்பாளோ, மங்கைன்னா கூடப் பிறந்தவள், ரத்தம். அம்மா என் முகத்தைப் பார்க்காமல்தான் கேட்டாள். நான் சரி என்றேன். பிள்ளைக்காகச் சரி என்றேன் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் சொல்லிக்கொண்டேன். ஆனால் மாமா அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று காபித் தட்டை எடுத்துக்கொண்டு போனபோது நான் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தேன், ஒரே முறை, பதினெட்டு வயதில் யாரும் பார்ப்பதுபோல. அதில் என்ன இருக்கிறது. ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்றால் ஏன் அந்தக் காபித் தட்டு ஞாபகத்தில் இருக்கிறது. ஹாலில் மாட்டியிருந்த அக்காவின் படத்தை, புதுசா வந்தவ தினம் இதையே பார்த்துட்டு இருக்கணுமா என்று யாரோ சொல்லி, பீரோவுக்கு மேலே துணி சுற்றி வைத்தார்கள். புதுசா வந்தவள் நான். வேண்டாம், இருக்கட்டும் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்.

அடுத்த அறையில் பாடம் செய்த விலங்குகள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சிறுத்தை, அதன் கண் எங்கேயோ பார்த்தது, எந்தப் பக்கம் போனாலும் நம்மைப் பார்க்கவில்லை. பழைய மரமும் பாச்சா உருண்டையும் கலந்த மாதிரி ஒரு வாசனை. மதி ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னால் நின்று பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "எ-று-ம்-பு-தி-ன்-னி." படித்து முடித்ததும் உள்ளே ஒரு முறை நன்றாகப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனாள். எதையோ தேடுகிறவள்போல இருந்தது. பள்ளிக்கூடத்தில் கேட்பார்களாக்கும் என்று நினைத்தேன். நல்ல பிள்ளை. எல்லாரும் சொல்வார்கள், என்ன அடக்கமான பிள்ளை, சித்தி வளர்ப்பு என்றால் இப்படி இருக்கணும். நான் அவளை ஒரு நாளும் அடித்ததில்லை. மாமியார் எதிர்வீட்டில் இதைப் பெருமையாகச் சொல்வார், ஒரு அடி, ஒரு அதட்டல் கிடையாதுங்க. கபிலனை அடித்திருக்கிறேன். பாலைக் கொட்டியதற்கு முதுகில் ஒன்று வைத்தேன், அவன் கத்திக்கொண்டே என் மேலேயே வந்து விழுந்தான், என் கழுத்தைக் கட்டிக்கொண்டே என்னைத் திட்டினான். மதி சமையலறை வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் அவளும் தம்ளரைக் கொட்டினாள். தெரியாமல் கொட்டினாளா, தெரிந்தா. நான், "பரவாயில்லம்மா, சித்தி துடைச்சுக்கிறேன்" என்றேன், துணி எடுத்து மெதுவாகத் துடைத்தேன், அவள் நின்றாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாள். விருந்தாளி வீட்டுப் பிள்ளையிடம்தான் இவ்வளவு பொறுமை வரும். கபிலன் இப்போது நெளிய ஆரம்பித்தான், இறக்கு இறக்கு என்றான், இறக்கினால் ஓடுவான், இறக்காவிட்டால் அழுவான்.

மாடிக்குப் போகும் படிக்கட்டில்தான் அது நடந்தது. நடந்தது என்று சொல்கிறேன், மழை பெய்தது என்பதுபோல. நாங்கள் பாதிப் படி ஏறியிருந்தோம், மேலேயிருந்து ஒரு பள்ளிக்கூடமே இறங்கி வந்தது, நீலச் சட்டைகள், வாட்டர் பாட்டில்கள், லைன், லைன் என்று கத்துகிற டீச்சர். லைன் எங்கே இருந்தது, வெள்ளம் மாதிரி வந்தார்கள். ஒரு பையனின் பை கபிலனின் காலில் மாட்டி இழுத்தது. கபிலன் என் இடுப்பிலிருந்து நழுவினான், வீலென்று அழுதான், தலைகீழாக விழப்போகிறான் என்று நினைத்தேன், இரண்டு கையாலும் அவனைப் பிடித்தேன். இரண்டு கையாலும். மதியைப் பிடித்திருந்த கை எப்படி வந்தது. வியர்வையில் வழுக்கியிருக்கும். அவள் விட்டிருப்பாள். பிள்ளைகள் இடித்ததில் பிரிந்திருக்கும். இதில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யார் கேட்டாலும் தலையாட்டுவார்கள். ஆனால் என் விரல்கள் திறந்தது எனக்குத் தெரியும். வழுக்கினால் ஒரு உராய்வு இருக்கும், கையிலிருந்து ஒன்று போவது தெரியும். அப்படி எதுவும் இல்லை. திறந்தேன். கபிலனை மார்போடு அணைத்துச் சுவரோடு ஒட்டி நின்றேன், நீலச் சட்டைகள் கடைசி ஆள் வரை இறங்கிப் போனார்கள், படிக்கட்டு காலியானது, மதி இல்லை. அப்போது ஒன்று நடந்தது, இதை நான் மாமாவிடம் சொல்ல மாட்டேன், அம்மாவிடம் சொல்ல மாட்டேன், சாமி முன்னாலும் உதட்டை அசைத்துச் சொல்ல மாட்டேன். பதறுவதற்கு முன்னால், மதி என்று கத்துவதற்கு முன்னால், ஒரு மூச்சு நேரம், உடம்பு லேசாக இருந்தது. ஒரு இடுப்பில் ஒரு பிள்ளை, இன்னொரு கை காலி. நான் என் பிள்ளையோடு மியூசியத்துக்கு வந்த ஒருத்தி. அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று எனக்குள்ளே யாரோ சொன்னார்கள். பிறகுதான் வாயைத் திறந்தேன்.

"மதி" என்றேன். கீழே ஓடினேன், சிறுத்தை அறை, திமிங்கிலம், பச்சைப் புடவைக்காரப் பெண்ணைக் காணோம், யாராவது தூக்கிக்கொண்டு போயிருந்தால், வெளியே மெயின் ரோடு, எத்தனை பஸ். அவருக்குப் போன் செய்ய வேண்டும் என்று தோன்றியது, போன் பையில் இருந்தது, எடுக்கவில்லை. அவர் முதலில் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும், மதியை எப்படி விட்டே என்பார். கபிலன் எங்கே என்று கேட்க மாட்டார், அவன் என்னோடு இருப்பான் என்று அவருக்குத் தெரியும். இந்த நேரத்திலும் அவர் என்ன நினைப்பார் என்றுதானே யோசிக்கிறேன், பிள்ளையை யோசிக்கிறேனா. அக்கா ஆஸ்பத்திரியில் கடைசியாக என்னிடம் பேசியது, "மதிக்கு நகம் வெட்டணும் மங்கை, கீறிக்கிறா." அவ்வளவுதான் சொன்னாள். பார்த்துக்கொள் என்றுகூடச் சொல்லவில்லை. நான் பார்த்துக்கொள்வேன் என்பது அவளுக்குச் சொல்ல வேண்டாத விஷயமாக இருந்தது. வாசலில் காக்கிச் சட்டை போட்ட காவலாளி ஒருவர் நாற்காலியில் இருந்தார். "குழந்தையைக் காணோங்க" என்றேன். எழுந்துவிட்டார். "உங்க குழந்தையாம்மா?" "என் பொண்ணுங்க." சட்டென்று வந்தது. தொலைந்த பிறகு வந்தது. "என்ன வயசு, என்ன டிரெஸ்?" ஆறு வயசு. டிரெஸ். காலையில் நான்தான் போட்டுவிட்டேன், பின்னால் கொக்கி மாட்டிவிட்டேன், பின்னலில் ரிப்பன் வைத்தேன். மஞ்சள் என்றேன். மஞ்சளா. இல்லை, மஞ்சள் போன வாரம். கபிலனின் சட்டையில் மூன்றாவது பட்டன் மட்டும் வேறு நிறம், நேற்று ராத்திரி தைத்தேன், அது தெரியும், அவன் ஜட்டியில் போட்டிருக்கும் யானைப் படம்கூடத் தெரியும். "தெரியலைங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்த மாதிரி இருந்தது. ஒருவேளை பார்க்கவே இல்லையோ என்னவோ. "பதறாதீங்கம்மா, வெளிய போகலை, நான் இங்கயேதான் இருக்கேன். மேல போய்ப் பாருங்க. பிள்ளைங்க மேலதான் ஓடும்."

மறுபடி அதே படிக்கட்டு. கபிலன் அழுகையை நிறுத்திவிட்டு, "அக்கா எங்க?" என்று கேட்டான். மேலே பறவைகள் அறை, அதைத் தாண்டிப் பூச்சிகள், யாரோ ஒரு தாத்தா பேரனுக்கு வண்ணத்துப்பூச்சி காட்டிக்கொண்டிருந்தார். அதையும் தாண்டினால் ஒரு நடை, வெளிச்சம் குறைவாக, கடைசியில் சாத்திய பெரிய மரக்கதவு. அதன் முன்னால் மதி நின்றுகொண்டிருந்தாள். ஊதா நிற கவுன். ஊதா, ஆமாம், ஊதா. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பிரேயருக்கு நிற்பதுபோல நேராக நின்றாள். அழவில்லை. ஓடிப்போய்ப் பிடித்தேன், பிடித்த வேகத்தில் அடிக்கக் கை ஓங்கினேன். ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள், பயப்படவில்லை, என்ன செய்யப் போகிறது என்று பார்ப்பதுபோலப் பார்த்தாள். நான் கையை இறக்கிவிட்டேன். "இங்க ஏன் வந்த?" "கூட்டம் என்னைக் கீழ தள்ளிட்டுப் போயிடுச்சு, திரும்பி வந்தா நீ அங்க இல்ல சித்தி. மேல போயிருப்பேன்னு வந்தேன்." "வந்து?" "மிருகம் எல்லாம் பார்த்துட்டேன். பறவை பார்த்துட்டேன். பூச்சியும் பார்த்துட்டேன்." கதவைக் காட்டினாள். "இதுதான் மனுஷங்க ரூம். பூட்டியிருக்கு. எப்பத் திறப்பாங்கன்னு நிக்கிறேன்." எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று ஒரு நொடி நடித்தேன், எனக்கு நானே. "யாரைப் பார்க்கணும் உனக்கு?" என்று கேட்டேன். அவள் தரையைப் பார்த்தாள். செருப்பு நுனியால் தரையைத் தேய்த்தாள். "நீ கோச்சுக்க மாட்டியா?" "மாட்டேன்." "அம்மாவை" என்றாள்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். கபிலன் மடியிலிருந்து இறங்கிக் கதவை உள்ளங்கையால் தட்டினான். செத்துப்போனதெல்லாம் கொண்டுவந்து வைத்திருப்பார்கள், எல்லாமா, எல்லாம். ரயிலிலிருந்து இறங்கியதிலிருந்து இந்தப் பிள்ளை இதையே மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியாக எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டு வந்திருக்கிறாள், நான் பள்ளிக்கூடத்தில் கேட்பார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அவளுக்கு நாங்கள் சொன்னதெல்லாம் அம்மா சாமிகிட்ட போயிட்டா என்பதுதான். சாமி எங்கே இருக்கிறார் என்று ஒரு நாள் கேட்டாள், மேலே என்று ஃபேனைக் காட்டினேன், தோசை தீய்ந்துகொண்டிருந்தது. "மதி, அம்மா இங்க இல்லம்மா" என்றேன். "மனுஷங்களை இப்படி வைக்க மாட்டாங்க." "ஏன்?" ஏன் என்று எனக்கும் தெரியவில்லை. "வைக்க மாட்டாங்க. அம்மாவை நாங்க வழியனுப்பி வச்சிட்டோம். இனிமே எங்க போயும் பார்க்க முடியாது. கதவு திறந்தாலும் உள்ள அம்மா இருக்க மாட்டா." அவள் அழுவாள் என்று நினைத்துக் கையை நீட்டினேன். அழவில்லை. கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி" என்றாள். அந்தச் சரி என் சரியைப் போலவே இருந்தது, அம்மா முகம் பார்க்காமல் கேட்டபோது நான் சொன்னது. அதற்கு மேல் தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன். "படிக்கட்டுல நான்தான் மதி உன் கையை விட்டேன்." அவள் என் தோளில் ஒட்டியிருந்த கபிலனின் பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டாள். "தெரியும்" என்றாள். "தம்பி விழுந்துருவான்ல." என்னைச் சமாதானப்படுத்தினாள். பெரிய மனுஷி மாதிரி. தெரியும் என்றாளே, எவ்வளவு தெரியும். இன்றைக்கு மட்டுமா தெரியும்.

கீழே இறங்கியபோது அவர் வாசலுக்கு வந்துவிட்டிருந்தார். காவலாளி சொல்லியிருப்பார்போல, முகம் வெளிறியிருந்தது. மதி எனக்கு முந்தி, "நாங்க மேல போய்ட்டோம்பா" என்றாள். நாங்க. அந்த ஒரு வார்த்தைக்குள் என்னை இழுத்துப் போட்டு மூடினாள். நான் அதற்குள்ளேயே இருந்திருக்கலாம், இருக்க எவ்வளவு சுகமாக இருந்தது. "இல்ல மாமா" என்றேன். "கூட்டத்துல இவ கையை விட்டுட்டேன். வழுக்கல, நான்தான் விட்டேன். கபிலனைப் பிடிக்கிறதுக்காக விட்டேன்." அவர் மதியின் தலையைத் தடவினார், என் கண்ணைப் பார்த்தார். "கிடைச்சிட்டால்ல, விடு. கூட்டத்துல யாரா இருந்தாலும் அப்படித்தான்." நல்ல மனிதர். நான் சொன்னதைக் கேட்காமலேயே மன்னித்துவிட்டார். எல்லாருக்கும் குச்சி ஐஸ் வாங்கிக் கொடுத்தார். லேசாக இருந்த அந்த மூச்சு நேரத்தை நான் சொல்லவில்லை, அது தொண்டையிலேயே இருந்தது, ஐஸ் அதன் மேல் வழிந்து இறங்கியது.

திரும்பும்போது ரயிலில் கூட்டம் இல்லை. கபிலன் ஏறியதும் அவர் மடியில் தூங்கிவிட்டான். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மதி என் பக்கத்தில், கால் தரையில் எட்டாமல் ஆட்டிக்கொண்டு. கோடம்பாக்கம் போனது, மாம்பலம் போனது. நகம் வளர்ந்திருக்கிறது, வீட்டுக்குப் போனதும் வெட்டவேண்டும் என்று அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கேட்டாள், "அம்மா என்னை எப்படிக் கூப்பிடும் சித்தி? மதின்னா?" இல்லை. மதி என்று அக்கா அவளைக் கூப்பிட்டதே இல்லை. ஒரு பெயர் வைத்திருந்தாள், கிறுக்குத்தனமான பெயர், பிறந்தபோது உருண்டையாக, மஞ்சளாக இருந்தாள் என்று. அக்கா போன பிறகு அந்தப் பெயரை யாரும் சொல்லவில்லை, அம்மாவின் பேச்சை எடுத்தாலே இவள் ஏங்கிப்போவாள் என்று சொன்னார்கள், ஏங்கிப்போவது யார் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் அது என்னிடம்தான் இருந்திருக்கிறது. அவளுடைய பொருள், என்னிடம். "பொட்டுக்கடலைன்னு கூப்பிடும்" என்றேன். மதி நம்பாமல் பார்த்தாள். "எப்படி? கூப்பிடு பார்ப்போம்." அக்கா சமையலறையிலிருந்து கூப்பிடுவாள், கடைசி எழுத்தை இழுத்து, கேள்வி கேட்பதுபோல மேலே தூக்கி. நான் அப்படியே கூப்பிட்டேன். "பொட்டுக்கடலே." என் வாயிலிருந்து வந்தது என் குரல் இல்லை. கூடப் பிறந்தவர்களுக்குக் குரல் ஒன்றாக இருக்கும் என்று போனில் எல்லாரும் ஏமாந்ததுண்டு, ஆனால் நான் இப்படி ஒருமுறைகூடப் பேசிக் கேட்டதில்லை. ஜன்னல் பக்கம் இருந்தவர் விருட்டென்று திரும்பினார். தூங்குகிற பிள்ளை மடியில் இருப்பதையும் மறந்து பாதி எழுந்துவிட்டார். என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் யாரையோ தேடினார், மறுபடி என்னைப் பார்த்தார். அவர் கண் நிறைந்து வழிந்தது, அவர் துடைக்கவில்லை. என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை. மதி என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னொரு தடவை கூப்பிடு" என்றாள்.

கூப்பிட்டேன்.

"என்னம்மா" என்றாள் மதி.